காற்றுப் பக்கத்து மரங்கள்

என் கணவரின் அக்கா லெம்பி அண்ணி தன் பங்கு மரங்களையெல்லாம் வெட்டப்போகிற விஷயத்தை முதலில் என்னிடம்தான் சொன்னாள். ஒரு சனிக்கிழமை சாயங்காலம், நாங்கள் இருவரும் சௌனா அறையில் வியர்வை வடிய உட்கார்ந்திருந்தோம். சூடேறிய கற்கள்மேல் ஒரு கரண்டித் தண்ணீரை ஊற்றிவிட்டு, ஆவி தோளில் இறங்கும்வரை காத்திருந்தாள். பிறகு மழையைப் பற்றிப் பேசுவதுபோலச் சொன்னாள்.

"கோடையில ஆளுங்க வர்றாங்க. ஒரு மரம் விடாம எடுக்கச் சொல்லிட்டேன்."

"அவர்கிட்ட சொன்னீங்களா அண்ணி?"

"உன் புருஷன்கிட்டயா? இப்ப சொன்னா வாரக்கணக்கா பேசுவான். ரம்பம் வர்ற அன்னிக்குச் சொன்னா ஒரு நாளோட போயிடும்."

நசெல் ஆறு வில்லப்பா விரிகுடாவில் போய்ச் சேருகிற இடத்துக்குச் சற்று மேலே, கரையிலிருந்து குன்றுவரை ஏறும் சரிவு எங்கள் நிலம். பின்லாந்திலிருந்து கப்பலேறி வந்த என் மாமனார் வாங்கியது. சாகும்முன் அதை இரண்டாகப் பிரித்து, தண்ணீர்ப் பக்கத்தை மகள் லெம்பிக்கும், குன்றுப் பக்கத்தை மகன் ரெய்னோவுக்கும் கொடுத்தார். அக்காவுக்கும் தம்பிக்கும் எட்டு வயது வித்தியாசம். அம்மா சீக்கிரம் போய்விட்டதால் ரெய்னோவை இடுப்பில் வைத்து வளர்த்தவள் லெம்பிதான். அதை அவளும் மறக்கவில்லை, அவரை மறக்கவிடவும் இல்லை.

கல்யாணமாகி நான் அங்கே வந்தபோது மேலும் கீழும் ஒரே காடு. ஸ்புரூஸ், ஹெம்லாக் என்ற ஊசியிலை மரங்கள் வானத்தை மூடி நின்றன. மேலே கடற்காற்று இரைந்துகொண்டிருக்கும். கீழே நாம் பற்றவைத்த தீக்குச்சியின் சுடர் ஆடாது. தரையெல்லாம் பாசி. நடந்தால் காலடிச் சத்தமே கேட்காது. அந்தத் தரை சமமாகவும் இருக்காது. திட்டுத் திட்டாக மேடு, ஒவ்வொரு மேட்டுக்கும் பக்கத்தில் ஒரு குழி. சின்ன வயதில் அக்காவும் தம்பியும் அந்தக் குழிகளில்தான் ஒளிந்து விளையாடியிருக்கிறார்கள். அவை எப்படி வந்தன என்று யாரும் யோசித்ததில்லை. இன்றைக்கும் கண்ணை மூடினால் அந்தக் காட்டின் வாசனை எனக்கு வந்துவிடும். ஈர மண்ணும் பிசினும் கலந்த குளிர்ந்த வாசனை.

அந்த அழகெல்லாம் எனக்கு. லெம்பி அண்ணிக்கு அது இருட்டு. அவளுடைய சமையலறையில் நண்பகலிலும் விளக்கு எரியும்.

"இந்த வீட்டுல நான் பகல்னு ஒண்ணப் பார்த்ததில்ல, ஹில்யா," என்றாள் அன்று சௌனாவில். "உர்ஹோ செத்த அன்னிக்கு, மத்தியானம் அது, அவன் முகத்தைப் பார்க்க விளக்கை எடுத்துட்டு வர வேண்டியிருந்துச்சு. விரிகுடா இங்கேருந்து கூப்பிடு தூரம். அதுல ஒரு கையகலம்கூட என் ஜன்னல்ல தெரியாது. சாகிறதுக்குள்ள உக்காந்த இடத்துலேருந்து தண்ணியப் பார்க்கணும் எனக்கு."

உர்ஹோ அவள் கணவர். ஆற்றில் சால்மன் மீனுக்கு வலை போட்டுக்கொண்டிருந்தவர், ஒருநாள் மார்வலி என்று படுத்தார், எழுந்திருக்கவில்லை.

ரம்பம் வருகிற அன்றுவரை ரகசியம் நிற்கவில்லை. அடுத்த வாரமே சர்ச் வாசலில் யாரோ ரெய்னோவிடம் கேட்டுவிட்டார்கள். அவர் நேராக அக்கா வீட்டுக்குப் போனார். நானும் பின்னாலேயே ஓடினேன். அண்ணி ஏலக்காய் ரொட்டியை வெட்டிக்கொண்டிருந்தாள்.

"அக்கா, கொஞ்சம் யோசி. முன்வரிசையில நிக்கிறது உன் மரம். கன்னா இருந்ததிலேருந்து காத்துல அடிபட்டு வளர்ந்தது. தூர் பெருத்து, வேரைப் பரப்பி நிக்குது. என் மரம் அப்படியில்ல. உன் மரத்துக்குப் பின்னால ஒளிஞ்சே வளர்ந்துடுச்சு. காத்துன்னா என்னன்னு அதுக்குத் தெரியாது."

"உன்ன மாதிரி," என்றாள் அண்ணி.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ரெய்னோ என்னை ஒரு பார்வை பார்த்தார்.

"விளையாட்டு இல்லக்கா. நீ வெட்டினா என் காடு விழும்."

"அப்பா எனக்குக் கொடுத்த மரம்டா. உன் காட்டுக்குக் காவல் நிக்கட்டும்னு சொல்லிக் கொடுக்கல. ரொட்டி எடுத்துக்கோ."

அவர் எடுத்துக்கொள்ளவில்லை. ரொட்டியை மறுத்து அவரை நான் பார்த்தது அதுதான் முதல் தடவை.

அந்தக் கோடையில் மரங்கள் விழுந்தன. ஒவ்வொன்று விழும்போதும் எங்கள் வீட்டு அலமாரியில் தட்டுகள் குலுங்கும். எல்லாம் முடிந்து லாரிகள் போனதும், அண்ணி ஒரு நாற்காலியைத் தூக்கிக்கொண்டு வந்து அடிமரங்களுக்கு நடுவே போட்டு உட்கார்ந்தாள். எதிரே விரிகுடா வெள்ளித் தட்டுபோலக் கிடந்தது. வேலையெல்லாம் முடிந்த சாயங்காலங்களில் அவள் அங்கேதான் இருப்பாள். வெயிலே படாத மூக்கு சிவந்து தோலுரிந்தது. "பார்த்தியா, என்னையும் வெயில் தொட்டிருக்கு," என்று மூக்கைக் காட்டுவாள். அவ்வளவு சந்தோஷமாக அவளை நான் பார்த்ததில்லை.

எங்கள் பக்கம் பார்த்தால் வேறுமாதிரி இருந்தது. காட்டின் உள்ளே மறைந்திருந்த மரங்கள் திடீரென்று ஓரத்துக்கு வந்துவிட்டன. நெடுநெடுவென்று ஒல்லி உடம்பு, உச்சியில் மட்டும் ஒரு கொத்துப் பச்சை. படுக்கையிலிருந்து எழுப்பித் தெருவில் நிறுத்திய ஆட்களைப்போல நின்றன. ரெய்னோ தினமும் அவற்றின் அடியில் போய் நின்று அண்ணாந்து பார்த்துவிட்டு வருவார்.

காற்று அக்டோபரில் வந்தது. 1962ஆம் வருஷத்துக் காற்று என்றால் எங்கள் கரையில் வயதானவர்கள் எல்லாருக்கும் தெரியும். வெள்ளிக்கிழமை. காலையிலிருந்தே அந்த மாதத்துக்குப் பொருந்தாத வெதுவெதுப்பு. ரெய்னோ ஆற்றிலிருந்து சீக்கிரமே திரும்பி, படகை இரட்டைக் கயிறு போட்டுக் கட்டினார். காபி ஊற்றிக்கொண்டிருந்தேன், அப்போது தெற்கிலிருந்து ஒரு சத்தம் எழுந்தது. மரப்பாலத்தில் ரயில் வருகிற சத்தம்போல. எங்கள் ஊருக்கு ரயில் கிடையாது.

முதல் மரம் கொட்டகைமேல் விழுந்தது. இரண்டாவது எங்கள் கூரையைப் பிளந்துகொண்டு படுக்கையறைக்குள் வந்தது. ரெய்னோ என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு ஓடினார். எங்கே ஓடுவது? சுற்றிலும் மரம். மரம் இல்லாத இடம் ஒன்றுதான் இருந்தது. அண்ணி வெட்டிய நிலத்தில், அடிமரங்களுக்கிடையே நாங்கள் குனிந்தும் தவழ்ந்தும் கீழே இறங்கினோம். அவள் கதவைத் திறந்து, அது பிய்த்துக்கொண்டு போகாமல் உடம்பால் முட்டுக்கொடுத்தபடி நின்றிருந்தாள். எங்களைப் பார்த்து என்னவோ கத்தினாள். காதில் விழவில்லை.

அவள் வீட்டின்மேல் விழ ஒரு மரமும் மிச்சமில்லை. அதனால்தான் நாங்கள் பிழைத்தோம். அவள் பின்ஜன்னலில் நின்றுதான் குன்றைப் பார்த்தோம். இன்னும் வெளிச்சம் இருந்தது. எங்கள் காடு ஓரத்திலிருந்து படுக்க ஆரம்பித்தது. ஒரு வரிசை சாய்ந்ததும் அடுத்த வரிசைமேல் காற்று பாயும். அதுவும் சாயும். வேரோடு மண்ணும் கிளம்பி, ஒவ்வொரு மரத்தின் காலடியிலும் ஒரு சுவர் எழுந்து நின்றது. ஈர நிலத்தில் வேர்கள் ஆழமாக இறங்கவில்லை. தரையோடு தட்டுப்போல விரிந்திருந்தவை அப்படியே பெயர்ந்து வந்தன. இருட்டுவதற்குள் குன்றின் முதுகு மொட்டையாகிவிட்டது.

ரெய்னோ ஜன்னலை விட்டுத் திரும்பினார். அக்காவைப் பார்த்து, "பார்த்தியா," என்றார். அவ்வளவுதான். அதற்கப்புறம் வாரக்கணக்கில் அவளிடம் ஒரு வார்த்தை பேசவில்லை.

வீடில்லாததால் அவள் வீட்டிலேயே நாங்கள் தங்கினோம். பேசாத தம்பி அக்கா வீட்டில் சாப்பிட்டுக்கொண்டு, அக்கா விரித்த படுக்கையில் தூங்கிக்கொண்டு இருந்தால் எப்படி இருக்கும்? நடுவில் நான் தபால்காரி.

"ஹில்யா, மீன் சூப்புல உப்பு இல்லன்னு சொல்லு."

அண்ணி அவருக்கு எதிரேதான் உட்கார்ந்திருப்பாள்.

"ஹில்யா, உப்பு ஜாடி அவன் முழங்கை பக்கத்துல இருக்குன்னு சொல்லு. எட்டி எடுக்கிற அளவுக்கு நான்தான் வளர்த்துவிட்டேன்னும் சொல்லு."

"ரெண்டு பேரும் கேட்டுட்டீங்க இல்ல? நான் சாப்பிடலாமா?" என்பேன்.

அண்ணி வாய் பேசினாளே தவிர, ஆள் மாறிவிட்டாள். விரிகுடாவைப் பார்க்கப் போட்டிருந்த நாற்காலியை வீட்டுக்குள் கொண்டுவந்து சுவரைப் பார்த்துப் போட்டுவிட்டாள். மின்சாரம் வர வெகுநாள் ஆனது. பகலெல்லாம் ஜன்னல் வழியாக வெளிச்சம் கொட்டும். அவள் அதற்கு முதுகைக் காட்டிக்கொண்டு காலுறை பின்னுவாள். "தலைவலி, கண்ணு கூசுது," என்பாள்.

காற்றடித்த முதல் வாரத்தில், ரெய்னோ ஊர் ஆண்களோடு ஆற்றின் மேற்பகுதிக்குப் போயிருந்தார். சாலையில் விழுந்த மரங்களை அறுத்து வழி உண்டாக்க வேண்டியிருந்தது. திரும்பி வந்தவர் சாப்பிடும்போது தட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். "அங்க எப்படி இருக்கு?" என்று கேட்டேன். "விழுந்துருக்கு," என்றார். அசதி என்று நினைத்துக்கொண்டேன்.

பிறகு எங்கள் நிலத்தில் விழுந்தவற்றை அறுக்க ஆரம்பித்தார். மழைக்காலம் முழுசாக இறங்கியிருந்தது. ஒருநாள் முற்பகலில் அண்ணி ஃபிளாஸ்க்கில் காபியோடு மேலே கிளம்பினாள். பேசாவிட்டாலும் காபி கொடுப்பதை அவள் நிறுத்தவில்லை. அவர் பார்க்கிற இடத்தில் வைத்துவிட்டு வந்துவிடுவாள். ரொட்டியை மறந்துவிட்டுப் போயிருந்தாள். நான் எடுத்துக்கொண்டு பின்னால் போனேன்.

நான் போய்ச் சேர்ந்தபோது ரெய்னோ ஒரு பெரிய ஸ்புரூஸை அடிப்பக்கத்தில் அறுத்துக்கொண்டிருந்தார். மோட்டார் ரம்பத்தின் இரைச்சல் காடெங்கும் கேட்டது. மரத்தின் வேர்ச்சுவர் இரண்டாள் உயரத்துக்கு நின்றது. அதற்கு அந்தப் பக்கம், வேர் பிடுங்கிய குழிக்குள், சிவப்பாக என்னவோ தெரிந்தது. அண்ணியின் தலைத்துணி. மழைக்கு ஒதுங்கி, கூரைபோலக் கவிந்த வேர்களுக்கடியில், மடியில் ஃபிளாஸ்க்கை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். தம்பி வேலையை நிறுத்தட்டும் என்று காத்திருக்கிறாள். வந்திருக்கிறேன் என்று அவள் குரல் கொடுக்கவில்லை. அறுக்கப்போகிறேன் என்று அவரும் யாருக்கும் குரல் கொடுக்கவில்லை.

காட்டுவேலை தெரிந்த எவருக்கும் அது எப்படி முடியும் என்று தெரியும். மரம் இழுத்துப் பிடித்திருக்கும்வரைதான் அந்தச் சுவர் நிற்கும். மரத்தைத் துண்டித்துவிட்டால், அவ்வளவு மண்ணும் வேரும் தன் பழைய குழியிலேயே போய் உட்கார்ந்துவிடும்.

நான் கத்தினேன். கேட்கவில்லை. ஓடிப்போய் ரொட்டிப் பொட்டலத்தால் அவர் முதுகில் அறைந்தேன். ரம்பத்தை நிறுத்திவிட்டுத் திரும்பினார். நான் குழியைக் காட்டினேன். அதற்குள் மரம் தானாகவே விரிசல் விட ஆரம்பித்திருந்தது.

"அக்கா, வெளிய வா. அக்கா, ஏறு, ஏறு."

அவர் குழியின் விளிம்புக்குப் பாய்ந்து, குப்புற விழுந்து கையை நீட்டினார். அவள் அந்தக் கையைப் பிடித்தாள். அப்போதும் இன்னொரு கையில் ஃபிளாஸ்க். அவர் இழுத்த இழுப்பில் இருவரும் சேற்றில் உருண்டார்கள். மரம் வெடித்துப் பிரிந்தது. வேர்ச்சுவர் மெதுவாக, பிறகு வேகமாகச் சாய்ந்து குழியில் உட்கார்ந்தது. பூமி ஒருமுறை குலுங்கியது. அந்த இடத்தில் குழியும் இல்லை, சுவரும் இல்லை. நேற்றுதான் வெட்டியதுபோல ஓர் அடிமரம் நேராக நின்றது.

ரெய்னோ சேற்றிலிருந்து எழுந்து உட்கார்ந்தார். பிறகு அவர் அடிமரத்தைப் பார்த்தபடியே பேசினார்.

"உன்னால விழலக்கா."

"என்னது?"

"மேல, ஆத்தோட தலைப்பக்கம். அங்க யாரும் ஒரு குச்சிகூட வெட்டினதில்ல. கோடாலியே படாத காடு. அங்கயும் இப்படித்தான் கிடக்கு, மலைக்கு மலை. நாம ஒளிஞ்சு விளையாடின குழியெல்லாம் என்னன்னு நினைச்சே? அதுவும் இதே மாதிரிதான். அப்பா வர்றதுக்கு முன்னால ஒரு காத்து அடிச்சிருக்கு. அதுல எல்லாம் விழுந்து, அந்த இடத்துல முளைச்சதுதான் நம்ம காடு. நீ வெட்டாம இருந்தாலும் விழுந்திருக்கும். ஒருவேளை கொஞ்சம் நின்னிருக்கும். எனக்குத் தெரியல. யாருக்கும் தெரியாது."

அண்ணி தலைத்துணியை அவிழ்த்துப் பிழிந்தாள்.

"இது உனக்கு எப்பத்துலேருந்து தெரியும்?"

அவர் உள்ளங்கைச் சேற்றைக் கால்சட்டையில் துடைத்தார்.

"ரோடு சரிபண்ணப் போனோமே, அப்பத்துலேருந்து."

"முதல் வாரம்."

"ஆமா."

அவள் எழுந்தாள். ஃபிளாஸ்க்கை என் கையில் கொடுத்தாள்.

"ஹில்யா, உன் புருஷனுக்குக் காபி ஊத்து. இனிமே அவனுக்கு என்ன வேணும்னாலும் உன்கிட்டயே கேக்கச் சொல்லு," என்று சொல்லிவிட்டுச் சரிவில் இறங்கிப் போனாள்.

இப்போது பேசாமல் இருப்பது அவள் முறை. ரெய்னோ பாவம், பேச்சை மீட்க என்னென்னவோ செய்தார். அவள் கேட்காமலே விறகு பிளந்தார். தண்ணீர்க் குழாயைச் சரிபண்ணினார். சூப் நன்றாக இருக்கிறது என்று நேராக அவள் முகத்தைப் பார்த்துச் சொன்னார். அவள் என்னைப் பார்த்து, "ஹில்யா, யாரோ பேசுற மாதிரி இருக்கே, நீயா?" என்பாள். ஆனால் நாற்காலி மறுநாளே ஜன்னல் பக்கம் திரும்பியிருந்தது.

கிறிஸ்துமஸுக்குக் கொஞ்சம் முன்பு, ரெய்னோ எங்கள் புது வீட்டுக்கான படத்தை மேசைமேல் விரித்தார். விழுந்த மரத்தையே பலகையாக அறுத்துக் கட்டப்போகிறோம். பென்சிலைக் காதில் செருகிக்கொண்டு, தொண்டையைச் செருமி, "ஹில்யா, சமையலறை ஜன்னலை எந்தப் பக்கம் வைக்கலாம்னு அக்காகிட்ட கேளு," என்றார்.

நான் வாயைத் திறக்கும்முன் அண்ணி எழுந்து வந்தாள். அவர் காதிலிருந்து பென்சிலைப் பிடுங்கி, தாளில் ஒரு பெரிய கட்டம் போட்டாள்.

"வெளிச்சம் வர்ற தெற்கால வைடா, மரமண்டை. இதைக்கூடவா கேக்கணும்?"

ரெய்னோ தலையைக் குனிந்துகொண்டார். சிரிக்கிறாரா அழுகிறாரா என்று எனக்குத் தெரியவில்லை. அண்ணி அவர் தலைமயிரை ஒருமுறை பிடித்து ஆட்டிவிட்டு அடுப்புப் பக்கம் போய்விட்டாள்.

வசந்தத்தில் நாங்கள் புது வீட்டுக்குப் போனோம். நல்ல வீடு. ஆனால் எங்கள் மூவருக்கும் ஒரே கூரை இருந்த அந்தக் குளிர்காலம்தான் எனக்கு அடிக்கடி நினைவுக்கு வருகிறது. மதியத்தில் ஜன்னல் வெளிச்சம் மேசைமேல் விழும். அண்ணியின் ஊசிகள் டிக் டிக்கென்று மோதும். ரெய்னோ சாக்ஸைக் காயப்போட்டுவிட்டு அடுப்பருகே தூங்கிவழிவார். எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை. அந்த வீட்டில், அந்தச் சண்டைக்கு நடுவில்தான், குடும்பம் என்ற ஒன்று எனக்கு நிறைவாகக் கிடைத்தது. நினைத்தால் அந்த உப்பில்லாத சூப்பின் ருசிகூட நாக்கில் வருகிறது.

காடு தானாகவே திரும்பி வந்தது. யாரும் நடவில்லை. நாங்கள் எடுக்காமல் விட்ட மரங்களின்மேல் பாசி படர்ந்தது. பாசியில் ஹெம்லாக் கன்றுகள் ஊசிமுனை அளவில் முளைத்தன. செத்த மரத்தின் முதுகில் வரிசையாக, பெஞ்சில் உட்கார்ந்த பள்ளிப்பிள்ளைகள்போல. அண்ணியின் நிலத்திலும் அடிமரத்துக்கு அடிமரம் பச்சை கிளம்பியது. முதலில் முழங்கால், அப்புறம் தோள், அப்புறம் கூரை. அவள் ஜன்னலில் விரிகுடா வருஷத்துக்கு வருஷம் சுருங்கியது.

"வெட்டச் சொல்லட்டுமா அக்கா?" என்று ரெய்னோ கேட்டார்.

"விடுடா. பார்க்க வேண்டியதெல்லாம் பார்த்தாச்சு. எனக்கே இப்ப கண்ணு சரியா தெரியல, தண்ணி இருந்தா என்ன, மரம் இருந்தா என்ன."

அவள் ஒரு மே மாதத்தில் போனாள். காற்றே இல்லாத நாள். ரெய்னோ பக்கத்தில் உட்கார்ந்து அவள் கையைப் பிடித்திருந்தார். கடைசிவரை இருவரும் ஏதோ பேசிக்கொண்டே இருந்தார்கள், சின்ன வயது விஷயங்கள். எனக்குப் பாதி புரியவில்லை.

அதற்குச் சில வருஷம் கழித்து, ரெய்னோவும் நானும் எங்கள் பழைய வீடு இருந்த இடத்தைப் பார்க்கப் போனோம். உள்ளே நுழையமுடியாத அளவுக்கு இளங்காடு நெருக்கியடித்து வளர்ந்திருந்தது. உயர்ந்து நின்றவை உயர்ந்து நின்றன. அவற்றுக்கிடையே வெளிச்சம் எட்டாமல் போன மெல்லிய மரங்கள், பட்டை உரிந்து, நின்ற நிலையிலேயே செத்திருந்தன. எண்ண முடியாத அளவு. ரெய்னோ ஒன்றின்மேல் கையை வைத்தார். லேசாகத்தான். அது முறிந்து அவர் கையோடு வந்தது.

அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இதுங்களை யாரும் தள்ளல, ஹில்யா," என்றார். "காத்தும் வரல, ரம்பமும் வரல."

"இடம் போதல, அவ்வளவுதான்," என்றேன்.

"ஆமா. நான் அன்னிக்கு யார்மேலயாவது கோவப்படணும்னு இருந்திருக்கேன். கிடைச்சது அக்கா."

"அவங்களுக்கு அது தெரியும்."

"தெரியுமா?"

"தெரியாமலா உங்களை அவ்வளவு நாள் வறுத்தெடுத்தாங்க?"

அவர் சிரித்தார். பிறகு கையிலிருந்ததை முழங்காலில் வைத்து இரண்டாக உடைத்துப் பார்த்தார். உள்ளே வெளுப்பாக, உலர்ந்திருந்தது. பக்கத்திலிருந்ததையும் முறித்தார், அதற்கடுத்ததையும். நான் கையை நீட்டினேன். ஒவ்வொன்றாக என் கைமேல் அடுக்கினார். அடுப்புக்கு ஆளுக்கு ஒரு சுமை சேர்ந்ததும், அவர் முன்னால் தோளால் கிளைகளை விலக்கிக்கொண்டு போக, நான் பின்னாலேயே பாதைக்கு வந்தேன்.